வியாழக்கிழமை சிக்னல்

"காணாமப் போனவங்களையே தேடித் திரியுறீங்களே, நீங்க காணாமப் போனா யாரு தேடுவா?"

வேடசந்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி லூர்தம்மாளிடம் எப்போதோ கேட்ட கேள்வி இது. கேட்டவள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது. பதிலுக்கு நிற்கவில்லை.

அஸ்பாக்கிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை.

"நான்தான்க்கா தேடுவேன். ஆபீஸ் சாவி உங்ககிட்டல்ல இருக்கு."

ஆபீஸ் என்றால் நாகல் நகரில் டயர் கடைக்கு மேலே ஒரே அறை. போர்டின் இடது பாதியில் 'லூர்து துப்பறியும் நிலையம்'. வலது பாதியில் 'அஸ்பாக் மொபைல் சர்வீஸ்'. படியேறி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வலது பாதிக்குத்தான் வருவார்கள். மிச்சம் ஒருவர் வரும் நாளில் அஸ்பாக் ஸ்க்ரூ டிரைவரை ஓரமாக வைத்துவிட்டு உதவியாளன் ஆகிவிடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்த பெண்ணும் வலது மேசைக்குத்தான் போனாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தாள்.

"தம்பி, இது முன்னெல்லாம் ஹாட்ஸ்பாட்டுல தானா கனெக்ட் ஆகும். இப்ப ஆக மாட்டேங்குது."

"அம்புட்டுத்தானே? செத்த நேரம் உக்காருங்கக்கா."

அஸ்பாக் தன் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தான். டேப்லெட்டில் பாஸ்வேர்டைப் போட்டு இணைத்தான். ஹாட்ஸ்பாட்டை அணைத்தான். மறுபடி ஆன் செய்தான். சில நொடிகளில் டேப்லெட் 'டிங்' என்றது.

"பாத்தீங்களா? என்னைய அஞ்சு நிமிசமாத்தான் அதுக்குத் தெரியும். அதுக்குள்ள கூப்பிடாமயே வந்து ஒட்டிக்கிச்சு. டேப்ல கோளாறு இல்லக்கா. எந்த போன்ல கனெக்ட் ஆகலயோ அதைக் குடுங்க."

"அந்த போன் இல்ல."

"வீட்டுல இருக்கா?"

"அவருகிட்ட இருக்கு."

"அவரு எங்க இருக்காரு?"

அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

இடது மேசையில் பழைய செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த லூர்தம்மாள் தாளை மடித்தாள். வந்தவளின் ஆள்காட்டி விரலில் நார் அறுத்த கோடுகள். நகக்கண்ணில் பச்சைக் கறை. பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரும்மா. உன் ரிப்பேரு இந்த மேசையில."

அவள் பெயர் கௌசல்யா. புருசன் மொக்கைச்சாமி, பூ லோடு வண்டி ஓட்டியவன். ஏப்ரல் மாதம் ஒரு விடியற்காலையில் வத்தலக்குண்டு சாலையில் வண்டி கவிழ்ந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன கௌசல்யாவின் தம்பி முகேஷ் அந்த இடத்திலேயே இறந்துபோனான். மொக்கைச்சாமிக்கு நெற்றியில் நாலு தையல். முகேஷுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மொக்கைச்சாமி வீட்டைவிட்டுப் போனான். போன் நம்பரும் செத்துப்போனது.

"சண்டை போட்டியா?"

"ஒரு வார்த்தை பேசலக்கா. அவரு மூஞ்சியப் பாக்கல. நான் பண்ணது அது ஒண்ணுதான்."

"போலீசுல சொன்னியா?"

"அவரைத் தேடிக் குடுங்கன்னு நான் வரலக்கா. இது ஏன் கனெக்ட் ஆக மாட்டேங்குதுன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்ணிட்டு திருப்பூர் அக்கா வீட்டுக்குப் போறேன். சாமானெல்லாம் பாதி கட்டியாச்சு. அதுக்குள்ள தெரியணும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தான் போறதா இருக்கிறதான்னு முடிவு பண்ண முடியும்."

அஸ்பாக் இதற்குள் டேப்லெட்டின் உள்ளே நுழைந்திருந்தான். சேமித்து வைத்த இணைப்புகளின் பட்டியலில் அவனுடைய போனைத் தவிர ஒரே ஒரு பெயர் இருந்தது. 'மொக்கைச்சாமி வண்டி'. அதன் கீழே 'தானாக இணைக்கவும்' என்ற பொத்தான் அணைந்திருந்தது.

"அக்கா, இங்க பாருங்க. இந்த ஒரு பேருக்கு மட்டும் ஆஃப். இது தானா ஆகாது. யாரோ உள்ள வந்து விரலை வெச்சு அமுக்கியிருக்காங்க."

"டேப்பைத் திறக்கிற பேட்டர்ன் யாருக்கெல்லாம் தெரியும்?" லூர்தம்மாள் கேட்டாள்.

"எனக்கும் அவருக்கும்."

"நீ அமுக்குனியா?"

"இல்லக்கா." கௌசல்யா எழுந்தாள். பையை மட்டும் எடுத்துக்கொண்டு, டேப்லெட்டை விட்டுவிட்டுப் போனாள். படியில் அவள் நாலைந்து முறை நின்று நின்று இறங்குவது கேட்டது.

"ஊர்ல புருசனைக் காணோம்னா கண்ணீரோட வருவாங்க," என்றான் அஸ்பாக். "இந்தக்கா புருசனோட சிக்னலைக் காணோம்னு வந்திருக்கு."

"முகப்புல என்ன எழுதியிருக்கு, படி."

"மேகமூட்டம். இருபத்தாறு டிகிரி. எனக்கே தெரியும்க்கா, வெளிய வெயில் கொளுத்துது. இது பொய் சொல்லுது."

"அதுக்குக் கீழ?"

"கடைசியாப் புதுப்பிச்சது ஆகஸ்ட் பதினாலு, காலை ஆறு பன்னெண்டு." அவன் நிமிர்ந்தான். "நான் கனெக்ட் பண்ணி உடனே அணைச்சுட்டேன்ல, அந்த ஒரு நிமிசத்துல இதுக்கு மாறத் தெரியல. சோம்பேறி."

"சிம் இல்லாத டேப். வீட்டுல வைஃபை கிடையாது. அவன் போய் நாலு மாசமாச்சு. பதினாலாம் தேதி காலையில அந்த மேகம் எந்த வழியா உள்ள வந்துச்சு?"

அஸ்பாக் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினான். இறக்கி வைத்த வீடியோக்களின் பட்டியலைத் திறந்தான். கௌசல்யா கோலம் வீடியோ பார்க்கிறவள். இணையம் கிடைத்தால் புதிய கோலத்தைத் தானாக இறக்கி வைத்துக்கொள்ளும் செயலி அது. ஒவ்வொன்றின் கீழும் தேதி இருந்தது. ஜூலை இருபத்துநாலு. முப்பத்தொன்று. ஆகஸ்ட் ஏழு. பதினாலு. எல்லாம் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள்.

லூர்தம்மாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நாலும் வியாழக்கிழமை.

"ஆனா நம்பர் செத்துப்போச்சுன்னுச்சே?"

"சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு அதே போன்ல வேற சிம் மாட்டிக்கிட்டான். ஆளு ஒளிஞ்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டான். ஹாட்ஸ்பாட் பேரு போனுக்குள்ள இருக்கிறது அவனுக்கு ஞாபகம் வரல."

"அது சரிக்கா. ஹாட்ஸ்பாட்டை எதுக்கு ஆன்லயே வெச்சுக்கிட்டு அலையுறாரு?"

"லோடு வண்டியில முதலாளிங்க கேமரா மாட்டுறாங்கல்ல, அதுக்கு நெட்டு டிரைவர் போன்லருந்துதான். அது ஒட்டிக்கிட்டே இருக்கும், அதனால அணையாது. என் போன்லயும் ஹாட்ஸ்பாட் இருக்கு. ஆன் பண்ணா கொஞ்ச நேரம் பாத்துட்டு, யாரும் வரலன்னு தானா அணைஞ்சுக்குது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அஸ்பாக் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

கௌசல்யாவின் சந்தில் அன்று பிற்பகல் ஆள் நடமாட்டமே இல்லை. ஒட்டி ஒட்டி ஏழு வீடுகள். நடுவில் ஒரு தெருக்குழாய், அதன் கழுத்தில் காய்ந்த துணி. கௌசல்யாவின் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க அஜீஸுன்னிசா, இடது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"சலாம் சாச்சி. கையில என்ன?" அஸ்பாக் படியில் உட்கார்ந்து கீரையில் கை வைத்தான்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் வழுக்கி விழுந்துட்டேன்பா. நீ யாரு?"

"டேப் ரிப்பேருக்கு வந்தோம், கௌசல்யாக்கா சொன்னாங்க."

லூர்தம்மாள் கீரைக்குக் கை நீட்டவில்லை. வீட்டின் பக்கவாட்டு இடுக்கு வழியாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் கௌசல்யாவின் கொல்லையில், அடுக்கிய கல்லின்மேல் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். நெஞ்சு உயரம். சுவரில் சாய்ந்து மூடியைத் தூக்கினாள். முக்கால் அளவுக்குத் தண்ணீர்.

திரும்பி வந்து கேட்டாள்.

"இந்தச் சந்துக்கு எப்ப தண்ணி விடுறாங்க?"

"வாரத்துக்கு ஒரு நாளு. வியாழக்கிழமை காலையில."

"பூ மார்க்கெட்டு வேலைன்னா கௌசல்யா விடியுமுன்ன நாலு மணிக்கே போயிடுவால்ல. அப்ப அந்த டிரம்மை யாரு நிரப்புறது?"

"நான்தான். பாவம், ஒத்தையில கெடக்குதேன்னு."

அஸ்பாக் அவள் மாவுக்கட்டைப் பார்த்தான். "ஒத்தக் கையில குடத்தைத் தூக்கி அந்த உசரத்துக்கு ஊத்துறீங்களா? பழனியில மலையேறுற விஞ்ச் வண்டியை நிறுத்திட்டு உங்களை வேலைக்கு எடுத்துக்கலாம் சாச்சி."

"இப்ப... இப்ப தெருக்காரவுக ஊத்துறாக. ஆளுக்கு ரெண்டு குடம்."

"எந்த ஊர் தெருக்காரவுக?" என்றாள் லூர்தம்மாள். "நானும் இதே ஊருதான். தண்ணி வர்ற நாள்ல பக்கத்து வீட்டுக் குடத்தை நாலு விரக்கடை நகத்துனா போதும், கொலை விழும். ஆளுக்கு ரெண்டு குடம் யாரு சாச்சி ஊத்துவா?"

அஜீஸுன்னிசா கீரைக் காம்பை முறித்தாள். முறித்த காம்பை மறுபடி முறித்தாள்.

"வாக்குக் குடுத்துட்டேன்மா."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன், தப்புன்னா தலையை ஆட்டுங்க. வியாழக்கிழமை ஒட்டன்சத்திரம் சந்தையில காய் இறக்கிட்டோ எங்கயிருந்தோ ஒரு லோடு வண்டி வந்து தெருமுனையில நிக்கும். அந்த டிரைவர் உங்ககிட்ட இருக்கிற சாவியை வாங்கிக்கிட்டு, டிரம்மை நிரப்பிட்டு, அடுப்படியில இருக்கிற சின்னக் குடத்தையும் நிரப்பிட்டுப் போயிடுவான்."

தலை ஆடவில்லை.

"ஒட்டன்சத்திரம் இல்ல, நெலக்கோட்டை," என்றாள் அஜீஸுன்னிசா கடைசியில். "அதே பூ வண்டி வேலைதான், ஆடி மாசத்துலருந்து வேற மொதலாளி. ஒருநாள் அடுப்படிக்குள்ள போனப்ப அலமாரியில இருந்த அந்தப் பலகை டிங்குன்னுச்சு. அப்பதான் அவனுக்கு வெளங்குச்சு. 'சாச்சி, இது என்னையக் காட்டிக் குடுத்துடும்'னு என்னமோ தட்டுனான், வெச்சுட்டான்."

"பதினாலாம் தேதி?"

"தேதியெல்லாம் யாரு கண்டா. ஆனா போன வாரமும் வந்தான். ஒருவாட்டியும் நிக்கல. ஒரு டீத்தண்ணி குடிச்சதில்ல. 'அவ இருக்கும்போது வந்தா என்னடா'ன்னேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுன்னு கேட்டான்."

கேஸ் முடிந்துவிட்டது என்று அஸ்பாக் நினைத்தான். பூட்டைத் திறக்காமலே திருடனைப் பிடித்த சந்தோஷம் அவன் முகத்தில். திருடியதோ ஒரு டிரம் தண்ணீரை, அதுவும் உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

ஐந்து மணிக்குக் கௌசல்யா வந்தாள். உள்ளே பெஞ்சு, கட்டில் எதுவும் இல்லை. சாக்கு மூட்டைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒன்றின்மேல் லூர்தம்மாளை உட்காரச் சொன்னாள்.

லூர்தம்மாள் டேப்லெட்டை நீட்டினாள். "அதை ஆஃப் பண்ணது உன் புருசன். அவன் ஊருக்குள்ள வந்து போறான் கௌசல்யா. வியாழக்கிழமை..."

"தெரியும்க்கா."

அஸ்பாக் ஒரு மூட்டையிலிருந்து பாதி எழுந்தான்.

"ஆடி மாசம் ஒருநா வேலை முடிஞ்சு வந்து பாத்தேன். காலையில போகும்போது வெயில் படம் இருந்துச்சு. வந்து பாத்தா மேகம். அடுத்த வியாழனும் மாறியிருந்துச்சு. தெருவுல வந்து நின்னு வீட்டைப் பாத்துட்டுப் போறாரு போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வியாழனும் வந்ததும் மொதல்ல இதைத்தான் பாப்பேன். மேகம் மாறியிருந்தா வந்துட்டுப் போயிருக்காரு. அது போதும்னு சோறு வடிப்பேன்."

"ஒருநாள் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்திருக்கலாமே?"

"இருந்தா வரமாட்டாரு."

வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம்.

"போன வியாழக்கிழமை மேகம் மாறல. அதே ஆறு பன்னெண்டு. நாலு கடையில காட்டுனேன். டேப்பு நல்லாருக்குன்னாங்க. டேப்பு நல்லாருந்தா அவரு வரலன்னுதானே அர்த்தம்? ஒண்ணு வெறுத்துட்டாரு. இல்லன்னா..." அவள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்தாள். "அதான் உங்க போர்டைப் பாத்துட்டு ஏறி வந்தேன். ரிப்பேருன்னு சொல்லிடுங்கன்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன்."

லூர்தம்மாள் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். டிரம்மின் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"போன வியாழக்கிழமையும் வந்தான். இதை யாரு நிரப்புறதுன்னு நினைச்ச?"

கௌசல்யா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கையை முழங்கைவரை அதற்குள் விட்டாள்.

"சாச்சி சொன்னதை நம்பிட்டேன்க்கா," என்றாள். "இந்தத் தண்ணியிலதான் நாலு மாசமா சோறு பொங்குறேன்."

வியாழக்கிழமை அவள் பூக்கட்டப் போகவில்லை. விளக்கைப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள். அந்தப் பொத்தானை முந்தின நாளே அஸ்பாக் ஆன் செய்து கொடுத்திருந்தான். அவனும் லூர்தம்மாளும் அஜீஸுன்னிசாவின் கொல்லையில், சுவருக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தார்கள். கிழக்கே சிறுமலை கறுப்பாகத் தெரிந்தது. குழாயடியில் சண்டை தொடங்கிவிட்டது.

"எனக்குக் கால் மரத்துப் போச்சுக்கா," என்று கிசுகிசுத்தான் அஸ்பாக்.

"வாய் மரத்துப் போகலயே."

ஐந்து ஐம்பதுக்கு டேப்லெட் 'டிங்' என்றது.

தோளில் குடத்துடன் கொல்லைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். ஒல்லியான ஆள். நெற்றியில் தையல் தழும்பு. அடுப்படிக் கதவு திறந்தது. கௌசல்யா வாசற்படியில் நின்றாள். அவன் தலையைக் குனிந்தான்.

"முகேசு போனதுக்கு உங்களை நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

குடத்து நீர் தோள் வழியாகச் சட்டையில் வடிந்தது.

"ஞாயித்துக்கிழமை வண்டி வருது. திருப்பூருக்குப் போறேன். மூட்டையெல்லாம் கட்டியாச்சு." அவள் ஒரு படி இறங்கினாள். "போகவா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் குடத்தை டிரம்மில் கவிழ்த்தான். வெறுங்குடத்தோடு திரும்பி வெளியே போனான்.

"போயிட்டாருக்கா," என்றான் அஸ்பாக். இந்த முறை அவன் குரலில் வேடிக்கை இல்லை.

"இரு."

குழாயடியில் யாரோ வரிசையைச் சொல்லிக் கத்தினார்கள். கௌசல்யா நகரவில்லை. அவள் கண் முழுக்க அந்த இடுக்கில் இருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் வந்தான், தோளில் நிறைகுடத்தோடு. ஊற்றினான். போனான். மறுபடி வந்தான். முக்கால் டிரம் கழுத்துவரை ஏறியது. அடுத்த குடத்தில் விளிம்பு தொட்டுத் தளும்பியது.

மூன்று நாளில் காலி செய்யும் வீட்டுக்கு இந்த ஊரில் ஒருவரும் ஒரு சொம்பு தண்ணீர்கூடப் பிடித்து வைக்க மாட்டார்கள்.

அஸ்பாக் லூர்தம்மாளைப் பார்த்தான். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

கௌசல்யா உள்ளே போனாள். சாக்குக் கட்டியிருந்த கயிறு அறுபடும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. மூட்டைக்குள் கட்டிப் போட்டிருந்த பெரிய அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, அவன் முன்னால் தரையில் வைத்தாள். உள்ளே கிடந்த வைக்கோல் துணுக்குகளை முந்தானையால் துடைத்தாள்.

அவன் அண்டாவைப் பார்த்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான்.

அது நிறைய ஆறு குடம் பிடித்தது. ஆறாவது குடத்தை ஊற்றிவிட்டு, மூடி இல்லாததால் அடுப்படியிலிருந்து ஒரு தாம்பாளத்தைத் தானே எடுத்துவந்து மூடினான். குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற வண்டியை நோக்கி இடுக்கு வழியாக நடந்து போனான்.